சிபேப் மாட்டினால் மூச்சு முட்டுகிறதா? மெஷினை விடுங்கள், மாஸ்க்கைப் பாருங்கள்

ஒருவர் எழுதி அனுப்பிய கேள்வி இதுதான். வயது 46, மளிகைக் கடை வைத்திருக்கிறார். குறட்டையும் பகல் தூக்கமும் அதிகமாகி, தூக்க ஆய்வு செய்ததில், தூக்கத்தில் மூச்சு மணிக்கு எத்தனை முறை தடைபடுகிறது என்று சொல்லும் ஏஎச்ஐ 42 என்று வந்தது. மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினில், அழுத்தம் 4 முதல் 16 வரை (செ.மீ. நீர் அளவில்) தானாக மாறும் ஆட்டோ வகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மாட்டியவுடன் மூச்சு முட்டுகிறது. எப்படியோ தூங்கிப்போனால், விடியும்போது மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது; எப்போது கழற்றினார் என்றே தெரியவில்லை. தொண்டை வறண்டு, மூக்கு அடைத்து, வயிறு உப்பித்தான் எழுந்திருக்கிறார். மெஷின் போடும் சத்தத்தில் மனைவி வேறு அறைக்குப் போய்விட்டார். "உங்களுக்கு மனவுறுதி போதவில்லை என்கிறார் மெஷின் விற்றவர். பேசாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?" என்று முடித்திருக்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. தூக்க ஆய்வகத்தில் டெக்னீசியன். மற்றவர்கள் தூங்குவதை இரவெல்லாம் திரையில் பார்ப்பதும், பிறகு அவர்களுக்கு மாஸ்க் பொருத்திப் பழக்குவதும்தான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. மனவுறுதி என்ற பேச்சை முதலில் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூங்குகிறவனுக்கு ஏது மனவுறுதி? நீங்கள் சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: முகத்தில் சரியாக உட்காராத மாஸ்க். நம் ஊரில் 50,000 ரூபாய் மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்குவார்கள். மாஸ்க்கை உறையோடு கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிகிச்சை நடப்பதோ மாஸ்க்கில்தான்.

என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கியதும் நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் பின்பகுதியும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுபோனால் அது அப்னியா. முழுவதும் நிற்காமல் வெகுவாகக் குறைந்தால் ஹைப்பாப்னியா. இவை இரண்டும் சேர்ந்து மணிக்கு எத்தனை முறை வருகின்றன என்ற கணக்குத்தான் ஏஎச்ஐ. 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. உங்கள் 42 என்பது சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மூளை பதறி எழுந்து தொண்டையைத் திறக்கிறது. உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவது இதனால்தான்.

சிபேப் மெஷின் அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சி, சற்று அழுத்தத்தோடு திருப்பி அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கிறது. இதில் ஆக்சிஜன் கிடையாது. உங்களுக்குப் பதிலாக மெஷின் மூச்சு விடுவதும் கிடையாது. கோவிட் காலத்தில் சிபேப், பைபேப் என்ற சொற்களை ஐசியு வாசலில் கேட்டவர்கள் நிறையப் பேர். அதனால் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் அம்மாவோ மனைவியோ கலங்கிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், ஒரு மாலை அவர்களும் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்க்கட்டும். பயம் போய்விடும்.

இந்தச் சிகிச்சையின் வரலாறே நான் சொல்ல வருவதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை முதன்முதலில் ஒரு நோயாளியிடம் சோதித்தார். அதற்கு முன்பு கடுமையான அப்னியாவுக்குக் கைகண்ட சிகிச்சை, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அவருக்குக் காற்றழுத்தம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. வாக்குவம் கிளீனர் மோட்டாரைப் போன்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. முகத்தோடு இணைப்பதுதான் திண்டாட்டம். தொடக்க கால நோயாளிகளுக்கு அவரவர் மூக்குக்கு அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று மெஷின் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. முகச் சிக்கல் மட்டும் முழுதாகத் தீரவில்லை.

உங்களுக்குக் கொடுத்திருப்பது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்; அளவு லார்ஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை. வாய் திறந்தாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் பொருந்தும் என்று கடைக்காரர்கள் முதலில் எடுப்பதே அதைத்தான். ஆனால் பொதுவாக மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கில் தொடங்குவதே நல்லது. முகத்தில் படும் பரப்பு அதிகமாக அதிகமாகக் கசிவதற்கான வழிகளும் அதிகம்; ஃபுல் ஃபேஸில் அழுத்தமும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது; கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளி அடைப்பைக் கூட்டுவதும் உண்டு. மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கும், எதைச் செய்தாலும் வாயாலேயே மூச்சு விடுபவர்களுக்கும்தான் அது முதல் தேர்வு. நீங்கள் மீசை வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். மேலுதட்டின் மீது சிலிக்கோன் படியும் எந்த மாஸ்க்கும் அடர்ந்த மீசையில் கசியும். அதற்காக மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாசித் துளைகளின் வாயிலில் அமரும் பில்லோ மாஸ்க் மீசைக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். மிக உயர்ந்த அழுத்தத்தில் அது சிலருக்கு மூக்கை உறுத்தும். உங்கள் மெஷின் சராசரியாக எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

எந்த மாஸ்க் ஆனாலும் பொருத்தும் முறை ஒன்றுதான். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். நீங்கள் தூங்கும் தலையணையில், தூங்கும் பக்கமாகப் படுத்துக்கொள்ளுங்கள். பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டு மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓட விடுங்கள். அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் ராம்ப் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட்டு முழு அழுத்தத்தில் பாருங்கள். பல மெஷின்களில் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் என்ற வசதி இருக்கிறது. இப்போது மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப வையுங்கள். சிலிக்கோனின் உள்மடிப்பு காற்றில் உப்பி, முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானே படியும். அதன் பிறகு கீழ்ப் பட்டை, மேல் பட்டை என்று மாற்றி மாற்றி, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பட்டைக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர்மாறு: கசிந்தால் இறுக்குவார்கள், இன்னும் கசிந்தால் இன்னும் இறுக்குவார்கள். உள்மடிப்பு நசுங்கியதும் முன்னைவிட அதிகம் கசியும். காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்தாலே எனக்கு மீதிக் கதை புரிந்துவிடும். மாஸ்க்கின் அளவு தவறு, அல்லது வகை தவறு. பட்டைக்கு அங்கே வேலையில்லை.

படுப்பதற்கு முன் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் சிலிக்கோன் வழுக்கும். சீக்கிரம் கெட்டும் போகும். இரவில் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சத்தம் பற்றி. இப்போதைய மெஷின்களின் சத்தம் ஒரு மெல்லிய கிசுகிசுப்பு அளவுதான். மின்விசிறி அதைவிட அதிகமாகச் சத்தம் போடும். மனைவியை விரட்டுவது பெரும்பாலும் கசிவின் 'புஸ்ஸ்' ஓசை. அதோடு மாஸ்க்கின் முன்பக்கத்திலோ குழாய் இணையும் இடத்திலோ ஊசித் துளைகள் போல ஒரு வரிசை இருக்கும். நீங்கள் வெளியே விடும் கரியமில வாயு போவதற்கான வழி அது; அங்கே காற்று வந்துகொண்டேதான் இருக்கும், வரவும் வேண்டும். ஒரு வீட்டில் அந்தத் துளைகள் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். "காற்று வீணாகப் போகிறது சார், அதனால்தான் அடைத்தேன்" என்றார் மகன், பொறியியல் படித்தவர். அப்படி அடைப்பது ஆபத்து. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்று மனைவி மேல் படுகிறது என்றால் படுக்கையில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

இனி, மாட்டியவுடன் மூச்சு முட்டுவது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றின் வைத்தியம் வெவ்வேறு. ஒன்று, முகத்தை மூடினாலே வரும் பதற்றம். இன்னொன்று, காற்று போதாமை. இரண்டாவதை யாரும் சந்தேகிப்பதே இல்லை. உங்கள் மெஷின் 4இல் தொடங்குகிறது. பருத்த உடல்வாகு உள்ள பலருக்கு 4 என்பது பற்றாக்குறை. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்குள் தங்கும் காற்றையே திரும்ப இழுப்பது போல இருக்கும். "அழுத்தம் தாங்கவில்லை, குறையுங்கள்" என்று கேட்டு வருபவர்களில் சிலருக்குத் தொடக்க அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக மருத்துவர் கூட்டிய பிறகுதான் நிம்மதி கிடைக்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. மாட்டிய முதல் நிமிடத்திலேயே திணறல், அழுத்தம் ஏறிய பின் சரியாகிவிடுகிறது என்றால் காற்று போதவில்லை. மூச்சை வெளியே விடும்போது சுவரில் மோதுவது போல இருந்தால் அழுத்தம் மிகை. அதற்கு, வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தை 1 முதல் 3 வரை குறைத்துக் கொடுக்கும் வசதி மெஷினிலேயே இருக்கிறது. பலருக்கு அதை முடுக்கிவிடாமலே கொடுத்திருப்பார்கள். எது உங்கள் நிலை என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இணையத்தில் பார்த்து மெஷினின் உள்மெனுவைத் திறந்து நீங்களே எண்களை மாற்ற வேண்டாம்.

பதற்றம்தான் காரணம் என்றால், படுக்கையறையில் போராடுவதை விட்டுவிட்டு மாலையில் ஹாலில் பழகுங்கள். டிவி பார்த்துக்கொண்டே மாஸ்க்கைப் பட்டை போடாமல் கையால் மட்டும் மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் எந்த நொடியும் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரிய வேண்டும். அது சலிப்புத் தட்டும் அளவுக்குப் பழகியதும் மெஷினை ஓட விட்டு அதையே செய்யுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பேச முயலாதீர்கள், பேச வராது. பிறகு பட்டை. பிறகு ஞாயிறு மதியம் கடை அடைத்திருக்கும்போது ஒரு குட்டித் தூக்கம். சிலருக்கு இது நாலு நாளில் முடியும், சிலருக்கு மூன்று வாரம் பிடிக்கும். ஒவ்வொரு படியும் அலுத்துப்போன பின்புதான் அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்படுகிறவர்கள்தான் மாஸ்க்கைப் பரணில் போடுகிறார்கள். தூங்குவதற்காக மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மதுவும் வேண்டாம், தொண்டைத் தசையை அது இன்னும் தளர்த்திவிடும்.

தூக்கத்தில் கழற்றிப் போடுவதற்குத் துப்பு உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. கைபேசிச் செயலியிலோ மெஷினின் மெமரி கார்டிலோ இரவு முழுவதற்குமான பதிவு உண்டு. எத்தனை மணிக்குக் கழன்றது, அதற்கு முந்தைய அரை மணியில் என்ன நடந்தது என்று டெக்னீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவுக் கோடு திடீரென்று மேலே போயிருந்தால் மாஸ்க் நகர்ந்திருக்கிறது, அல்லது வாய் திறந்திருக்கிறது. ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் கசிவு அதிகம் என்று கணக்கு. கசிவே இல்லாமல் அப்னியாக்கள் கொத்தாக வந்து, உடனே மாஸ்க் கழன்றிருந்தால் அழுத்தம் எட்டவில்லை. இன்னொரு வகையும் உண்டு: தொண்டை திறந்தே இருக்கும், மூளை மூச்சுவிடச் சொல்லி ஆணையிடாது. அதை சென்ட்ரல் அப்னியா என்பார்கள். சிபேப் தொடங்கிய புதிதில் சிலருக்கு இது தலைகாட்டி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேறு வகை மெஷின் தேவைப்படலாம். அழுத்தத்தைக் கூட்டினால் இது மோசமாகலாம் என்பதால்தான் எண்களில் கைவைக்க வேண்டாம் என்றேன். நடுவில் விழித்துப் பார்க்கும்போது மாஸ்க் கையில் இருந்தால், கோபப்படாமல் திரும்ப மாட்டிக்கொண்டு படுங்கள். கை அதைக் கழற்றப் பழகியது போலவே வைத்துக்கொள்ளவும் பழகும்.

தொண்டை வறட்சியும் மூக்கடைப்பும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஓயாத காற்று மூக்கின் உள்தோலை உலர்த்துகிறது, அது வீங்கி மூக்கு அடைக்கிறது, வாய் திறக்கிறது, காற்று வாய் வழியே ஓடித் தொண்டை காய்கிறது. சூடாக்கும் ஹியூமிடிஃபையரைப் பயன்படுத்துகிறீர்களா? தண்ணீர் ஊற்றுவது தொல்லை என்று பலர் அதை வெறும் பெட்டியாகவே வைத்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் ஏசி அறையின் காற்று வறண்டதுதான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு விற்பதை வாங்காமல் மருந்துக் கடையிலோ மருத்துவ உபகரணக் கடையிலோ கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சி ஊற்றினால் கிருமி சாகும், உப்பு போகாது. தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். தினமும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஏசியைக் கடும் குளிரில் வைத்தால் குழாய்க்குள் ஆவி நீராகி, நடு இரவில் மூக்கில் தெறிக்கும். ஈரப்பதத்தை ஒரு புள்ளி குறையுங்கள், அல்லது குழாய்க்கு ஒரு துணியுறை போடுங்கள். மெஷின் தலைமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். பாயில் படுப்பவர்கள் அதைத் தரையிலேயே வைத்தால் தூசியை வாரிக்கொள்ளும்; தாழ்வான மணைப்பலகை ஒன்றின் மேல் வைக்கலாம். கொசுவர்த்திச் சுருளையும் ஊதுபத்தியையும் அந்த அறையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மெஷின் அந்தப் புகையை உறிஞ்சி நேராக உங்கள் மூக்குக்கே அனுப்பும். கொசுவலை போதும், குழாயை வலையின் மேல் மடிப்பு வழியாக உள்ளே விட்டால் புரளும்போது இழுக்காது.

இத்தனைக்கும் பிறகும் மூக்கு அடைத்தால், படுக்கும் முன் உப்புநீர்க் கரைசலால் கழுவிப் பாருங்கள். உடனே திறக்கிறதே என்று கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போட்டால், விட்டவுடன் முன்னைவிட மோசமாக அடைக்கும். தூசி ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். மளிகைக் கடையில் மிளகாய்த் தூளுக்கும் மாவுக்கும் நடுவே நாள் முழுக்க இருப்பவர் நீங்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வயிறு உப்புவது, காற்று உணவுக்குழாய் வழியே உள்ளே போவதால். கடையை அடைத்து இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிறீர்கள் என்பது என் ஊகம். இரவு உணவை முன்னால் தள்ளி, அளவைக் குறைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். எதிர்க்களிப்பு இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். கசிவு நின்றாலே ஆட்டோ மெஷின் தேவையில்லாமல் அழுத்தத்தை ஏற்றுவதும் குறையக்கூடும்; வயிறும் பாதி அடங்கிவிடும்.

"நாலு மணி நேரம் போட்டால் போதும் என்கிறார்களே" என்றும் இடையில் கேட்டிருந்தீர்கள். அந்த நாலு மணி நேரம், அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு மெஷினுக்குப் பணம் கொடுக்க வைத்திருக்கும் நிபந்தனையிலிருந்து வந்தது: தொடர்ச்சியான 30 நாட்களில் 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம். உடலுக்கு அந்த நிபந்தனை தெரியாது. கனவு வரும் ஆர்இஎம் தூக்கம் பெரும்பகுதி இரவின் பின்பாதியில்தான் வருகிறது. அப்போது தசைகள் அறவே தளர்ந்து கிடப்பதால் அப்னியாக்கள் நீளமாகவும் ஆக்சிஜன் சரிவுகள் ஆழமாகவும் இருக்கும். இரண்டு மணிக்கு மாஸ்க் கழன்றால், மிக மோசமான பகுதியைப் பாதுகாப்பில்லாமல் கடக்கிறீர்கள் என்று அர்த்தம். 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தாங்களாக உணரும் பகல் தூக்கக் கலக்கம் 4 மணி நேரப் பயன்பாட்டிலேயே பலருக்குக் குறைந்தது. அன்றாட வேலைத் திறன் மீள்வதற்கு ஏழரை மணி நேரம் வரை தேவைப்பட்டது. எவ்வளவு நேரம் தூங்குகிறோமோ அவ்வளவு நேரமும் என்பதுதான் என் கணக்கு. மதியத் தூக்கத்துக்கும் சேர்த்து.

இதயத்துக்கு நல்லது என்று சொல்லி இதை விற்பார்கள். அதில் சற்று நிதானம் தேவை. ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் இருந்த 2,717 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை சிபேப் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் மெஷினைப் பயன்படுத்தியது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. குறட்டை, பகல் தூக்கம், மனநிலை ஆகியவை அவர்களுக்கும் மேம்பட்டன. உங்கள் வயதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அதிகாலையில் சரக்கு எடுக்க நீங்களே வேன் ஓட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். மெஷின் பழகிப் பகல் தூக்கம் தெளியும் வரை அந்த ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

ஆபரேஷன் பற்றி. அண்ணத்தின் பின்பகுதியை வெட்டிச் சீராக்கும் அறுவை சிகிச்சையால் குறட்டைச் சத்தம் குறையும். அப்னியா பலருக்கு முழுதாகப் போவதில்லை. டான்சில் மிகப் பெரிதாக இருப்பவர்கள், தாடை உள்வாங்கி இருப்பவர்கள் போன்றோருக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தரலாம். அதை உங்கள் தொண்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூன்று வாரத் தொல்லைக்குப் பயந்து முடிவு செய்யும் விஷயம் அல்ல. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி லேசான, நடுத்தர அப்னியாவுக்கு நல்ல மாற்று. 42க்கு அது இரண்டாம்பட்சம். எடை குறைத்தால் ஏஎச்ஐ பெரும்பாலும் இறங்கும். பருமனும் நடுத்தர, கடும் அப்னியாவும் சேர்ந்திருப்பவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஒரு விந்தை: சிபேப் போடத் தொடங்கியவர்களுக்கு எடை தானாகக் குறைவதில்லை, சிலருக்குச் சற்று ஏறுவதும் உண்டு. ஆகவே மெஷின் வந்துவிட்டது, இனி உடம்பு இளைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

சுத்தம் செய்வதைப் பெரிதாக்க வேண்டாம். முகத்தில் படும் சிலிக்கோனைத் தினமும் மிதமான சோப்பு நீரிலும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஓசோன் பெட்டி, புற ஊதாப் பெட்டி என்று விற்பவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். சாலையோர வீடுகளில் அது மாதம் ஒன்றுகூடத் தாங்காது. சிலிக்கோன் தொளதொளத்துப் போனால் எவ்வளவு சரியாக மாட்டினாலும் கசியும். முழு மாஸ்க்கையும் வாங்க வேண்டாம், குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கும். பட்டைக் கொக்கியில் காந்தம் உள்ள மாஸ்க்குகள் வசதியானவை. வீட்டில் உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தால் அவை வேண்டாம். வேறொருவர் பயன்படுத்திய பழைய மெஷினை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒலி குறைக்கும் நுரை உள்ளே சிதையலாம் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் ஏராளமான மாடல்களைத் திரும்பப் பெற்றது. மாடலையும் வரிசை எண்ணையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மின்வெட்டுக்குப் பயந்து பலர் மெஷினையே தவிர்க்கிறார்கள். கரண்ட் போனால் மூச்சு நிற்காது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு தானாகத் திறந்துகொள்ளும். மூக்கு மாஸ்க்கில் உங்கள் வாய் இருக்கவே இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகை என்றால் தாராளமாக ஓடும். மின்சாரத்தை விழுங்குவது ஹியூமிடிஃபையரின் சூடுதான். பேட்டரியில் ஓட்டும் இரவில் அதை அணைத்துவிடுங்கள். ரயிலில் இரவு நேரத்தில் சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவிடுவது உண்டு என்பதால் பிளக்கை நம்பிப் போகாதீர்கள், தனி பேட்டரி வேண்டும். விமானத்தில் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள், தொட்டியில் தண்ணீர் இல்லாமல். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது கண்புரையே ஆனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் அப்னியா இருப்பதைச் சொல்லி, மெஷினையும் கூடவே கொண்டுபோங்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டால், எடை கணிசமாகக் குறைந்து, மறுபடி தூக்க ஆய்வு செய்து, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லும் வரை. குடை பிடித்திருக்கும் வரைதான் நனையாமல் இருப்போம். இதுவும் அப்படித்தான், மாட்டாத இரவிலேயே அப்னியா திரும்பிவிடும். எனவே இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. மெமரி கார்டை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்த இடத்துக்கே போய், கசிவையும் கழன்ற நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கு மாஸ்க், பில்லோ மாஸ்க் இரண்டையும் அங்கேயே கட்டிலில் படுத்து, மெஷினை ஓட விட்டு, வலப்பக்கமும் இடப்பக்கமும் புரண்டு பார்த்து எடுங்கள். பிரித்த மாஸ்க்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று விற்பவர் சொன்னால், படுத்துப் பார்க்க விடுகிற கடையாகத் தேடிப் போங்கள்.